மூத்தவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னையும் தங்கையையும் சேர்த்து வைத்துத்தான் பார்ப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் நான் குண்டான ஒரு பெண், அவள் ஒல்லியான ஒரு பெண், அவ்வளவுதான். சேர்ந்து நின்றுவிட்டால் வேடிக்கை. "ஏன் மைனி, ரெண்டு பேருக்குப் போட்ட சோத்த ஒருத்தியே தின்னுட்டாளா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். தாங்களே முதன்முதலாகக் கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொருவரும் கேட்பார்கள். அம்மா சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னதற்குச் சிரிக்காமல் இருந்தால் மரியாதையில்லை என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது.

பாளையங்கோட்டையில் வாடகை வீடு. அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா என் தட்டில் போட்ட சோற்றிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுப்பாள். தங்கையின் தட்டில் நெய் ஊற்றுவாள். அவள் உடம்பு தேற வேண்டும் என்று அடிக்கடி உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பாள். தங்கைக்கு அந்த எண்ணெய் வாடையே குமட்டும். அம்மா அடுப்படிக்குள் திரும்புகிற நேரம் பார்த்து உருண்டையை என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். நான் தின்றுவிடுவேன். எனக்குப் பசி, அவளுக்கு விடுதலை. ஆகவே ஊரார் செய்த கேலி முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. யாராவது அதைச் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

படித்து முடித்து நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனேன். தங்கை ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள். பெரும்பாலும் பதிலே வராது. ஒரு வீட்டிலிருந்து மட்டும் போன் வந்தது. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"போட்டோல மூஞ்சிய மட்டும் எடுத்து அனுப்பிட்டியளே அண்ணாச்சி. ஆள முழுசாக் காட்டியிருந்தா நாங்க கார் பிடிச்சு வந்திருக்க மாட்டோம்லா" என்றது அந்தக் குரல்.

அப்பா "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரை அணைக்கிற இடத்தைத் தேடினார். பதற்றத்தில் அது அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மனிதர் பேசி முடிக்கும்வரை போனைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். நான் திருத்திய தாளையே மறுபடி திருத்தினேன்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, மூத்தவளுக்காகக் காத்திருந்தால் இரண்டு பேருக்குமே ஆகாமல் போய்விடும், சின்னவளுக்கு முடிப்போம் என்று சொல்லிவிட்டார். அதை என்னிடம் அவர் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். நான் சரி என்றேன். உண்மையில் எனக்குப் பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. இனி யாரும் என்னைப் பார்க்க வரமாட்டார்கள்.

தரகர் கொண்டுவந்த முதல் இடமே நல்ல இடம். அம்பாசமுத்திரத்துக்காரர்கள், வயலும் அரிசி மில்லும் உண்டு. பையன் கோயம்புத்தூரில் இஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமை எமகண்டத்துக்கு முன்னால் வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை நான்தான் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து என் பின்னால் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்க அங்கே வியர்வை எதுவும் இல்லை.

"ஏட்டி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கப்படாது."

"சொல்லு."

"தரகர் என்ன சொல்லுதாருன்னா... பொண்ணு பாக்க வாரவுக வீட்டுல இருக்க எல்லாரையும்தான் பாப்பாவ. அக்கா இப்படி இருந்தா, நாளைக்கு ஒரு பிள்ளையப் பெத்தா தங்கச்சியும் இப்படித்தான் ஆவாண்ணு..."

"நான் மாடி அக்கா வீட்டுல இருந்துக்கிடுதேன்" என்றேன். அவள் முழுவதையும் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "நான் கிண்டுதேன், நீ போய்க் குளி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லிராத. ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

மாடி வீட்டு அக்கா தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர், வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். நைட்டியோடு, தலையில் ஈரத் துண்டோடு வந்து நின்ற என்னை அவர் எதுவும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும். மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். முறுக்கு டப்பாவைத் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"முறுக்கு வைக்கவா பிள்ள, வேண்டாமா?"

வேண்டாம் என்றேன். டப்பாவை மூடிவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, வெந்நீரில் தேன் ஊற்றி வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார். கொள்ளுக் கஞ்சி சொன்னார். அவருடைய நாத்தனார் ஒருத்தி அப்படியே பாதியாகிவிட்டாளாம். அன்பாகத்தான் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கீழே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அப்பா எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைத்தார். அந்தக் குரலில் இருந்த பணிவைக் கேட்கப் பிடிக்காமல் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கீழே சிரிப்புச் சத்தம் இல்லை. எல்லாம் நன்றாகப் போனால் இந்நேரம் சிரித்திருப்பார்கள் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும்.

மாடிப்படியில் யாரோ வேகமாக ஏறி வந்தார்கள். அம்மா. கையில் என் பட்டுச்சேலை ஒன்று சுருட்டியபடி இருந்தது.

"கீழ வாட்டி" என்றாள் மூச்சு வாங்க.

"எதுக்கு?"

"அந்தப் பையனோட அம்மா கேக்குதா, பிள்ளைக்கு ஏதும் சீக்கா, சின்ன வயசுல காசம் கீசம் வந்துச்சா, இப்படி எலும்பும் தோலுமா இருக்காளேன்னு. நாங்க என்ன சொன்னாலும் நம்பமாட்டேங்கா. ஒங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தானாங்கா. தரகர்தான் சொல்லிட்டாரு, இல்லம்மா, மூத்த பிள்ளை நல்ல சதப்பிடிப்பா இருப்பான்னு. 'அப்ப அந்த மூத்தவளக் கொஞ்சம் கூப்பிடுங்க'ன்னுட்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எதற்காக என்னை ஒளித்து வைத்தார்களோ அதே உடம்பை இப்போது எடுத்துக் காட்ட வேண்டும். இந்த வீட்டிலும் சதை வைக்கும் என்பதற்கு நான்தான் அத்தாட்சி.

"நான் வரல."

"ஒன் தங்கச்சிக்காக வாட்டி. வந்து ஒரு நிமிசம் நின்னுட்டுப் போ."

அம்மா அவசரத்தில் எடுத்து வந்த ஜாக்கெட் பழையது. முதுகுப் பக்கத்துக் கொக்கிகள் ஒன்றும் எட்டவில்லை. மாடி அக்கா தன் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றினார். அம்மா துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க, அவர் குத்தினார். "மூச்ச உள்ள இழு பிள்ள" என்றார். முந்தானையை முதுகைச் சுற்றி எடுத்து முன்னால் செருகிக்கொண்டேன். கண்ணாடி பார்க்கவில்லை.

கூடத்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நடுச் சோபாவில் பையனின் அம்மா. பக்கத்தில் பையன், முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்திருந்தான். தங்கை சுவரோரமாக நின்றாள். நான் வாசலில் வந்து நின்றதும் எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த அம்மா என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"இவதான் மூத்தவளா? நல்லா வாட்டசாட்டமால்லா இருக்கா" என்றார். "ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைகளா மைனி?"

யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

"இங்கன வாம்மா, தங்கச்சி பக்கத்துல நில்லு பாப்போம்."

நான் போய் நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படி ஒரு வழி இருப்பதே தெரியவில்லை. தங்கையின் கை என் கையில் பட்டது. சில்லென்று இருந்தது.

"நீ ஸ்கூலுக்குப் போகலையா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"இல்ல."

"எங்க இருந்த?"

"மாடியில."

அவள் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டுகளை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"அப்ப சின்னவளும் கல்யாணம் முடிஞ்சா தேறிருவா" என்றார் பையனின் அம்மா, தன் பக்கத்து ஆட்களைப் பார்த்து. "ஆனா தாயி, இந்த அளவுக்குத் தேறிராத. எங்க வீட்டு வாசல் சின்னது."

இப்போது கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு என்மேல் பட்டதைவிட, அதற்குள் அப்பாவின் குரல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டால் வாயைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் முதுகில் ஒரு ஊக்கு திறந்துகொண்டு குத்தியது. அசைந்தால் மற்றதும் போய்விடும் என்று அப்படியே நின்றேன். கண்ணில் நீர் வந்தது. அதைப் பார்த்தவர்கள் நான் அவமானத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஊக்கும்தான் காரணம், அதுவும்தான் காரணம்.

"அம்மா, போதும்" என்றான் பையன், தலை நிமிராமல்.

"நான் என்னலே தப்பாச் சொல்லிட்டேன்? நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி நினைச்சுச் சொன்னேன்" என்றார் அவர்.

கார் கிளம்பும் சத்தம் கேட்பதற்கு முன்பே தங்கை என்னை அறைக்குள் இழுத்துக் கதவைத் தாழிட்டாள். நான் திரும்பி நிற்க, ஊக்குகளைக் கழற்றினாள். ஒன்று குத்திய இடத்தில் ரத்தம் வந்திருந்தது. எச்சில் தொட்டு வைத்தாள். பிறகு அவள் சேலையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பாவாடைக்கு இரண்டு பாவாடை. அதற்கு மேல் ஒரு துண்டை இடுப்பைச் சுற்றி மடித்துக் கட்டியிருந்தாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பஞ்சை எடுத்துக் கட்டிலில் போட்டாள். எல்லாம் அம்மா காலையில் செய்த ஏற்பாடு. ஒருத்தியை மாடிக்கு அனுப்பிவிட்டு மற்றவளுக்குப் பஞ்சு வைத்திருக்கிறாள். பஞ்சையும் ஊக்கையும் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அவளுடைய ஒல்லியை நான் அதுவரை அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தேன். எந்தக் கடையிலும் அவளுக்குத் துணி கிடைக்கும். பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார யாரும் யோசிப்பதில்லை. அன்றுதான் அவள் சொன்னாள். கல்லூரியில் ரத்ததான முகாமில் எடை பார்க்கும் கருவியில் ஏறியபோது, "ஒனக்கே ரத்தம் ஏத்தணும் போலயே" என்று ஒருவர் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்ததாம். அதிலிருந்து காலேஜ் விட்டு, பிறகு ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் கடையில் வாழைப்பழமும் பாலும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவாளாம். பாதி நாள் வழியிலேயே வாந்தி. ஒரே அறையில், ஒரே கட்டிலில் படுத்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. என் உடம்பைப் பற்றி நினைக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

மறுநாள் தரகர் சிரித்த முகத்தோடு வந்தார். அவர்களுக்குச் சம்மதம். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் செய்து காட்டிவிட்டால் போதுமாம். அப்பா சந்தோஷத்தில் தரகரின் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கை அறையிலிருந்து வெளியே வந்து, "எனக்கு வேண்டாம்" என்றாள்.

அப்பா கத்தினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அம்மா என்னைத்தான் அனுப்பினாள், அவளிடம் பேசச் சொல்லி. நானும் பேசினேன். என்னால் அவள் கல்யாணம் நின்றது என்று ஊரில் சொல்வார்களே என்ற பயம் எனக்கு. பையன் நல்லவனாகத் தெரிகிறான், அம்மாவை அடக்கினானே என்றேன்.

"ஒனக்காக வேண்டாம்னு சொல்லலக்கா" என்றாள் அவள். "அந்த வீட்டுல போய் என்னால தட்டுல கைய வைக்க முடியாது. ஒரு வாய் தின்னாலும் பாப்பாவ, தின்னாட்டாலும் பாப்பாவ."

அம்மாவிடம் போய், அவள் கேட்கமாட்டேன் என்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குச் சிரித்ததைப் பற்றி அப்பாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது வீட்டுக்கு வந்து எங்களைப் பற்றி ஆரம்பித்தால், காப்பி கொண்டுவரச் சொல்வதாக எழுந்து உள்ளே போய்விடுவார்.

தங்கைக்கு மறுவருஷம் ஸ்ரீவைகுண்டத்தில் கல்யாணம் முடிந்தது. வாழைத்தோட்டம் வைத்திருக்கிற குடும்பம், மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று தங்கை என் கையால்தான் காப்பித் தட்டைக் கொடுக்கவைத்தாள். அவர்களும் ஏதோ சொன்னார்கள், சின்னதாக. இப்போது அது சரியாக நினைவில்லை. எனக்கு வரன் பார்ப்பதை அதோடு நிறுத்திவிட்டார்கள். பள்ளி, வீடு, அப்பாவின் மாத்திரை என்று போகிறது.

போன வருஷம் நான் இளைக்கத் தொடங்கினேன். எதுவும் செய்யவில்லை, தானாகவே இளைத்தது. சுடிதாரெல்லாம் தொளதொளவென்று ஆனது. பள்ளியில் மற்ற டீச்சர்கள் சுற்றி நின்று என்ன ரகசியம் என்று கேட்டார்கள். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்கூட, "டீச்சர் ஆளே மாறிட்டிய" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் துணிக்கடைக் கண்ணாடியின் முன் அதிக நேரம் நின்றேன். தாகம் நாக்கை இழுத்தது, இரவில் பலமுறை எழுந்து போக வேண்டியிருந்தது, கரும்பலகை மங்கலாகத் தெரிந்தது. எதையும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார்கள், மருந்து கொடுப்பார்கள், உடம்பு மறுபடி பழையபடி ஆகிவிடும் என்று பயம். வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

"எவ்வளவு நாளா இப்படி இளைக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

"நாலஞ்சு மாசமா டாக்டர். நல்லாக் குறைஞ்சிருக்கு" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இதச் சந்தோஷமாச் சொல்லுதிய?" என்றார். பக்கத்தில் அம்மா இருந்தாள். நான் மேஜையில் இருந்த பேனாத் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை அவர் எதிர்பார்த்ததற்கும் மேலே இருந்தது. இன்சுலின் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு மைனி எதிரில் வந்தார். என்னைப் பார்த்து வாயில் கை வைத்தார்.

"ஏ, யாரு இது! பாதியால்லா ஆயிட்டா! என்ன செஞ்ச, சொல்லு, எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா."

"ராத்திரிச் சோத்த விட்டுட்டா. காலையில நடக்குதா" என்றாள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள். கல்யாணமாகாத மகளுக்குச் சர்க்கரை என்று தெருவில் நின்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மருந்துப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, "இல்ல மைனி, சர்க்கரை. ரொம்ப கூடிப் போச்சு. அதான் இளைச்சிட்டேன்" என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மைனி ஒரு கணம் திகைத்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"அதனால என்ன? பாக்க நல்லாத்தான இருக்கு."

பஸ் வந்தது. அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மைனி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நல்லாத்தான இருக்கு, நல்லாத்தான இருக்கு என்று அந்தச் சொல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இன்சுலின் பை அம்மாவின் மடியில் கிடக்க, அந்தச் சொல்லில் நான் மகிழ்வது பக்கத்திலிருக்கும் அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.